கைவிட்ட விளையாட்டு, கைவிடாத உரிமை

2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் 'நோஸ்டால்ரியஸ்' என்ற இணைய விளையாட்டு சர்வர் நிறுத்தப்பட்டது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற புகழ்பெற்ற விளையாட்டு 2004-இல் வெளிவந்தபோது எப்படி இருந்ததோ, அந்த வடிவத்திலேயே அதை மீட்டெடுத்து, ரசிகர்கள் சிலர் கட்டணமின்றி நடத்திவந்த சர்வர் அது. நிர்வாகிகள் தந்த கணக்கின்படி சுமார் 8 லட்சம் கணக்குகள் அதில் பதிவாகியிருந்தன. ஒன்றரை லட்சம் பேர் தொடர்ந்து விளையாடிவந்தனர். விளையாட்டின் உரிமையாளரான பிளிஸார்டு நிறுவனத்தின் வழக்கறிஞர்கள், சர்வரை நடத்தியவர்கள் மீதும் அவர்களுக்குக் கணினி வசதியை வாடகைக்கு அளித்திருந்த பிரெஞ்சு நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடரப்போவதாக அறிவிப்பு அனுப்பினர். அடுத்த சில நாள்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

இதைச் சிறுபிள்ளைகளின் விளையாட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிடத் தோன்றலாம். ஆனால், ஒரு பொருளை விற்பவர் அதைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்ட பிறகு, அதன் மீதான அவருடைய தனியுரிமை எவ்வளவு காலம், எவ்வளவு கடுமையுடன் நீடிக்க வேண்டும் என்ற கேள்வி இதற்குள் அடங்கியிருக்கிறது. பொருளியல் வகுப்பில் அறிவுசார் சொத்துரிமையைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், பாடநூல்கள் மேலோட்டமாகத் தொட்டுச் செல்லும் ஒரு சிக்கலை இந்த விளையாட்டுகள் தெளிவாக வெளிக்கொணர்கின்றன என்றே கருதுகிறேன்.

சர்வர் நின்றால் உலகமே நிற்கும்

சதுரங்கப் பலகை வாங்கியவரிடம் அதைத் தயாரித்த நிறுவனம் மூடப்பட்டாலும் பலகை இருக்கும். இணையவழிப் பல்லாட்டக்காரர் விளையாட்டில் அப்படியில்லை. பயனாளரின் கணினியில் நிறுவப்படும் மென்பொருள் பாதி விளையாட்டுதான். அந்தக் கற்பனை உலகத்தின் நிலவரம், அதில் உலவும் பாத்திரங்கள், யார் எங்கே நிற்கிறார்கள், யாரிடம் என்ன இருக்கிறது என்பன எல்லாம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. சர்வரை நிறுத்தினால், காசு கொடுத்து வாங்கிய குறுந்தகடு வெறும் நெகிழித் தட்டாகிவிடும்.

அந்த இடைவெளியைத்தான் ரசிகர்கள் நிரப்புகிறார்கள். விளையாட்டு மென்பொருளுக்கும் அதிகாரபூர்வ சர்வருக்கும் இடையே செல்லும் தரவுகளைக் கவனித்து, சர்வர் எப்படிப் பதிலளிக்கிறது என்று ஊகித்து, அதே வேலையைச் செய்யும் நிரலைத் தாங்களே புதிதாக எழுதுவது இதில் பொதுவான முறை. பல்லாண்டு உழைப்பைக் கோரும் பணி இது. நிறுவனத்திடமிருந்து கசிந்த மூல நிரலையே பயன்படுத்துவது இன்னொரு முறை. இரண்டுக்கும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாடு நடைமுறையில் எவ்வளவு உதவுகிறது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

நான்கு முனைத் தாக்குதல்

ரசிகர் சர்வரை நடத்துபவர் நான்கு வகையான சட்ட ஆபத்துகளை ஒருசேர எதிர்கொள்கிறார். முதலாவது, பதிப்புரிமை. சர்வர் நிரலைச் சொந்தமாக எழுதியிருந்தாலும், அந்த உலகத்தின் வரைபடங்கள், பாத்திரங்கள், உரையாடல்கள், கதை ஆகியவை நிறுவனத்தின் படைப்புகள். இரண்டாவது, தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதற்கான தடை. 1998-இல் அமெரிக்கா இயற்றிய டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம், பதிப்புரிமையை மீறினாரா இல்லையா என்பது ஒருபுறமிருக்க, பூட்டை உடைத்ததையே தனிக் குற்றமாகப் பார்க்கிறது. மூன்றாவது, ஒப்பந்தம். விளையாட்டை நிறுவும்போது யாரும் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று சொடுக்கும் நீண்ட ஆவணத்தில், மென்பொருளைப் பகுத்தாய மாட்டேன், வேறு சர்வருடன் இணைக்க மாட்டேன் என்ற உறுதிமொழிகள் இருக்கின்றன. நான்காவது, வணிகச் சின்னம். விளையாட்டின் பெயரையும் இலச்சினையையும் பயன்படுத்தினால் அதற்கும் தனி வழக்கு வரலாம்.

இந்த நான்கும் ஏட்டில் மட்டும் இருப்பவை அல்ல. அண்மைக் கால வரலாற்றிலிருந்து மூன்று நிகழ்வுகளை எடுத்துக்கொள்வோம்.

மூன்று சர்வர்கள், மூன்று முடிவுகள்

முதலாவது, 'பி-நெட்-டி'. பிளிஸார்டு தன் விளையாட்டுகளுக்காக நடத்திவந்த 'பேட்டில்.நெட்' என்ற இணையச் சேவையில் நெரிசலும் ஏமாற்று வேலைகளும் மிகுந்திருந்ததால் சலிப்படைந்த நிரலாளர்கள் சிலர், அதே வேலையைச் செய்யும் மாற்று மென்பொருளைத் தாங்களே எழுதி, மூல நிரலுடன் இலவசமாக வெளியிட்டனர். பணம் வாங்கவில்லை. ஆயினும், வாங்கிய விளையாட்டு அசல்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அந்த மாற்றுச் சேவையில் இல்லை என்பதால், திருட்டுப் பிரதிகளும் அதில் இயங்கின. 2005-இல் அமெரிக்காவின் எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நிரலாளர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மென்பொருள்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதற்காகப் பகுத்தாயலாம் என்று சட்டத்திலேயே உள்ள விதிவிலக்கு அவர்களுக்குப் பொருந்தாது என்றும், சொடுக்கி ஏற்ற ஒப்பந்தம் செல்லும் என்றும் நீதிமன்றம் கூறியது.

இரண்டாவது, 'ஸ்கேப்கேமிங்'. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டின் சர்வரை நடத்தி, விளையாட்டுக்குள் பயன்படும் பொருள்களைப் பணத்துக்கு விற்ற நிறுவனம் இது. 2010-இல் கலிஃபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம், பிரதிவாதி முன்னிலையாகாத நிலையில், சுமார் 8.85 கோடி டாலர் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. அந்தத் தொகை வந்த விதம் கவனிக்கத்தக்கது. ஈட்டிய வருவாயாகக் கணக்கிடப்பட்டது ஏறத்தாழ 30 லட்சம் டாலர் மட்டுமே. மீதியில் பெரும்பகுதி சட்டமே நிர்ணயித்துள்ள இழப்பீடு. பூட்டு உடைப்புக்கு ஒவ்வொரு செயலுக்கும் குறைந்தது 200 டாலர், அதிகபட்சம் 2,500 டாலர் என்கிறது அமெரிக்கச் சட்டம். 4,27,393 பயனாளர்களைக் குறைந்தபட்சத் தொகையான 200-ஆல் பெருக்கியதும் 8.54 கோடி டாலர் வந்துவிட்டது.

இதே அளவுகோலை, காசு வாங்காத நோஸ்டால்ரியஸின் 8 லட்சம் கணக்குகளுக்குப் பொருத்திப் பார்த்தால் 16 கோடி டாலர் வரும். அதாவது, லாப நோக்கில் நடத்தியவரைவிட, இலவசமாக நடத்திய தன்னார்வலர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு கடனாளியாகியிருப்பார்கள்! இலவசம் என்பதால் கூட்டம் கூடுகிறது. கூட்டம் கூடுவதால் அபராதம் பெருகுகிறது. உண்மையான இழப்போடு தொடர்பற்ற இழப்பீட்டுச் சூத்திரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மூன்றாவது, 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்'. 2004-இல் தொடங்கிய இந்த விளையாட்டை அதன் உரிமையாளரான தென்கொரியாவின் என்சிசாஃப்ட் நிறுவனம் 2012 நவம்பர் 30-ஆம் நாள் நிறுத்திவிட்டது. அதன்பின் ஒரு சிறு குழுவினர் பல ஆண்டுகள் அதை ரகசியமாக நடத்திவந்தது 2019 ஏப்ரலில் அம்பலமானது. அவர்கள் பயன்படுத்தியது சொந்தமாக எழுதிய நிரல் அல்ல. கசிந்த அசல் நிரல். பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் மூன்றிலும் இதுவே பலவீனமான தரப்பு. ஆனால், நடந்தது வேறு. அந்த நிரலைக் கொண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட 'ஹோம்கமிங்' என்ற ரசிகர் சர்வருக்கு, நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் முறையான உரிமம் வழங்கியது. இன்று அது நன்கொடையில், உரிமையாளரின் சம்மதத்தோடு இயங்குகிறது.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். சொந்த உழைப்பில் நிரல் எழுதி, காசு வாங்காமல் வழங்கியவர்கள் தோற்றார்கள். அசல் நிரலையே எடுத்துக்கொண்டவர்கள் உரிமம் பெற்றார்கள். ரசிகர் சர்வரை நடத்துபவரின் தலைவிதியைத் தீர்மானிப்பதில் அவருடைய நடத்தைக்கு உள்ள பங்கு சிறிது; உரிமையாளரின் மனநிலைக்கு உள்ள பங்கு பெரிது. சட்டத்தை மதித்து நடக்க விரும்புகிறவருக்கு, எப்படி நடந்தால் பாதுகாப்பு என்று சட்டம் சொல்லவில்லை. இதுவே இங்குள்ள உண்மையான சட்ட ஆபத்து.

ஏகபோகத்தின் நியாயம் எது?

பதிப்புரிமை என்பது சமூகம் படைப்பாளிக்கு வழங்கும் தற்காலிக ஏகபோகம். ஏகபோகத்தால் விலை உயரும், பயன்படுத்துவோர் குறைவர் என்று தெரிந்தே அதை வழங்குகிறோம். காரணம், அந்த வருவாய் வாய்ப்பு இல்லாவிட்டால் படைப்பே உருவாகாது என்ற எதிர்பார்ப்பு. விற்பனையில் இருக்கும் விளையாட்டுக்கு இந்த வாதம் முழுமையாகப் பொருந்தும். 2025 ஆகஸ்டில் 'டர்ட்டில் வாவ்' என்ற ரசிகர் சர்வர் மீது பிளிஸார்டு வழக்குத் தொடுத்தது. தன் விளையாட்டின் பழைய வடிவத்தையும் அந்த நிறுவனம் இப்போது தானே நடத்திவருகிறது என்பதால், தன் வாடிக்கையாளர்கள் பறிபோகிறார்கள் என்ற அதன் முறையீட்டில் பொருளியல் நியாயம் இருக்கிறது.

ஆனால், நிறுவனமே கடையை மூடிவிட்ட பிறகு நிலைமை வேறு. அங்கே இழப்பதற்கு வருவாய் இல்லை. விளையாட விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், நடத்தித்தரத் தயாராக இருப்பவர்களும் இருக்கிறார்கள். இருவரையும் சேரவிடாமல் தடுப்பதால் யாருக்கும் ஒரு காசு ஆதாயம் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி, நிறுவனத்தின் பெயரில் உருவான படைப்புக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. 2004-இல் வெளிவந்த ஒரு விளையாட்டு 2099-ஆம் ஆண்டின் இறுதிவரை பூட்டியே இருக்கலாம். எட்டரை ஆண்டுகள் மட்டுமே சந்தையில் இருந்த ஒரு பொருளுக்கு 95 ஆண்டுக் காவல்!

அப்படியானால், இரு தரப்புக்கும் நன்மை தரக்கூடிய உரிமத்தை நிறுவனங்கள் ஏன் முன்வந்து வழங்குவதில்லை? 1991-இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் முன்வைத்த பரிவர்த்தனைச் செலவு என்ற கருத்து இதற்கு விடை தருகிறது. பேரம் பேசுவதற்கு எந்தச் செலவும் இல்லையென்றால், உரிமை யாரிடம் இருந்தாலும் அது இறுதியில் அதிகப் பயன் தரும் இடத்தைச் சென்றடையும். ஆனால், நடைமுறையில் பேரத்துக்குச் செலவு உண்டு. பழைய விளையாட்டின் இசை ஒருவருக்கு, துணை மென்பொருள் இன்னொருவருக்கு, கதைமாந்தர் மற்றொருவருக்கு எனப் பல கைகளில் உரிமை சிதறியிருக்கும். அவற்றையெல்லாம் ஆராய்ந்து ஒரு ரசிகர் குழுவுடன் ஒப்பந்தம் எழுத ஆகும் வழக்கறிஞர் செலவு, அதனால் கிடைக்கும் ஆதாயத்தைவிடப் பெரிது. எனவே, நிறுவனம் மௌனம் காக்கிறது. இன்றைய சட்டத்தில் அந்த மௌனத்துக்குப் பொருள் 'தடை' என்பதே.

ரசிகர் சர்வர்கள் உரிமையாளருக்குப் பயன்பட்டதும் உண்டு. நோஸ்டால்ரியஸ் மூடப்பட்டபோது, பழைய வடிவத்தை மீண்டும் கொண்டுவரக் கோரிய விண்ணப்பத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். பிளிஸார்டு அந்த நிர்வாகிகளை அழைத்துப் பேசியது. 2017-இல் பழைய வடிவத்தைத் தானே வெளியிடப்போவதாக அறிவித்தது. 2019 ஆகஸ்டில் வெளியிட்டது. அதன் சந்தா எண்ணிக்கையில், அந்த விளையாட்டின் வரலாற்றிலேயே மிகப் பெரிய காலாண்டு உயர்வு அப்போது ஏற்பட்டதாகத் தாய் நிறுவனமே அறிவித்தது. இப்படியொரு தேவை இருக்கிறது என்பதை எந்தச் சந்தை ஆய்வும் செலவின்றி அந்த நிறுவனத்துக்குக் காட்டியிருக்காது.

மறுதரப்பின் வாதம்

நிறுவனங்களின் தரப்பையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். ரசிகர் சர்வர்களில் பயனாளர்களின் தரவுகளுக்குப் பாதுகாப்பு இல்லை, சட்டவிரோத உள்ளடக்கங்களை நீக்குவதற்குப் பொறுப்பான ஆள் இல்லை, ஏதேனும் நேர்ந்தால் பழி தங்கள் பெயருக்கு வரும் என்று ஐரோப்பிய விளையாட்டுத் துறையின் அமைப்பு கூறியிருக்கிறது. சிறார்களும் உலவும் இடங்களில் இந்தக் கவலையைப் புறந்தள்ள முடியாது. 'நன்கொடை' என்ற பெயரில் வியாபாரம் நடத்தும் சர்வர்களும் இருக்கவே செய்கின்றன. பழைய விளையாட்டைப் புதுப்பித்து நாளை வெளியிடும் எண்ணம் நிறுவனத்துக்கு இருக்கலாம். அந்த வாய்ப்பைக் காப்பதும் அதன் உரிமைதான்.

ஆனால், இவை ஒழுங்குமுறை தேவை என்பதற்கான வாதங்கள். முழுத் தடைக்கான வாதங்கள் ஆகா.

அசையும் சட்டம்

சட்டம் முற்றிலும் அசையாமல் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் மூன்றாண்டுக்கு ஒருமுறை பூட்டு உடைப்புத் தடைக்கு விதிவிலக்குகள் பரிசீலிக்கப்படுகின்றன. 2015-இல், சரிபார்ப்பு சர்வர் நிறுத்தப்பட்ட விளையாட்டுகளை அவற்றின் உரிமைதாரர் தம் கணினியில் தனியாக இயக்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. 2018-இல் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் இணைய விளையாட்டுகளையும் பாதுகாக்க அனுமதிக்கப்பட்டன. ஆனால், சர்வர் நிரல் முறைப்படி அவர்கள் கைவசம் இருக்க வேண்டும். விளையாட்டைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுசெல்லக் கூடாது. நிறுவனங்கள் சர்வர் நிரலைத் தாமாக ஒப்படைப்பது அரிது என்பதால், இந்த அனுமதி பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கிறது. ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து அணுக அனுமதி கேட்டு வைத்த கோரிக்கையும் 2024 அக்டோபரில் நிராகரிக்கப்பட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை ஒன்று 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுவதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் குடிமக்களே குரல் எழுப்பியிருக்கிறார்கள். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் விற்ற 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் இறுதியில் நிறுத்தியது. தனியாளாகக்கூட யாரும் அதை விளையாட முடியாமல் போயிற்று. அதையொட்டி எழுந்த இயக்கம், விற்பனையை நிறுத்தினாலும் விளையாட்டை இயங்கும் நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்று கோரி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து, டிஜிட்டல் பொருளை 'வாங்குங்கள்' என்று விளம்பரம் செய்யும் நிறுவனம், அது உரிமம் மட்டுமே என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும்.

இந்த விவாதத்துக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் ஒரு நல்ல கருத்தைத் தர முடியும். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, வெளியான ஒரு படைப்பை மறுவெளியீடு செய்ய உரிமையாளர் மறுத்து, அதனால் அது மக்களுக்குக் கிடைக்காமல் போனால், உரிய தொகையை நிர்ணயித்துக் கட்டாய உரிமம் வழங்க வழிசெய்கிறது. இந்தியப் படைப்புகளுக்கு மட்டும் என்றிருந்த அதன் வரம்பு 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. பூட்டு உடைப்பைத் தண்டிக்க அதே திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவும், பதிப்புரிமையை மீறும் நோக்கம் இருந்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. இணைய விளையாட்டுகளை மனத்தில் கொண்டு இவை எழுதப்படவில்லை. ஆயினும், உரிமை என்பது படைப்பை மக்களிடமிருந்து மறைத்துவைக்கும் அதிகாரம் அல்ல என்ற கருத்து இவற்றில் இருக்கிறது.

செய்யக்கூடியவை

மூன்று மாற்றங்கள் போதுமானவை என்பது என் எண்ணம். முதலாவதாக, மௌனத்தின் பொருள் மாற வேண்டும். விளையாட்டை நிறுத்தும் நிறுவனம், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் தானே மீண்டும் நடத்தப்போவதாக அறிவிக்காவிட்டால், லாப நோக்கமற்ற ரசிகர் சர்வர்களுக்கு அனுமதி இருப்பதாகக் கொள்ள வேண்டும். மீண்டும் சந்தைக்கு வர விரும்பினால், உரிய கால அவகாசம் தந்து அந்த அனுமதியைத் திரும்பப் பெறலாம்.

இரண்டாவதாக, இழப்பீடு இழப்போடு பொருந்த வேண்டும். அறிவிப்பு கிடைத்ததும் நிறுத்திவிடும் தன்னார்வலரிடம் ஆளுக்கு 200 டாலர் என்று தலைக்கணக்குப் போடுவதில் நியாயமில்லை.

மூன்றாவதாக, வெளியாகும் நூல்களின் படியை நூலகங்களுக்கு அனுப்பச் சட்டம் இருப்பதுபோல, நிறுத்தப்படும் விளையாட்டின் சர்வர் நிரலையும் ஒரு பொது ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும்.

சட்டம் மாறும்வரை, இத்தகைய சர்வர்களை நடத்தும் இளைஞர்கள் சிலவற்றைக் கருத்தில் கொள்வது நல்லது. மென்பொருள் துறையில் பணிபுரியும் என் முன்னாள் மாணவர் ஒருவர், "நாங்கள் காசு வாங்குவதில்லையே, பிறகென்ன சார்?" என்று ஒருமுறை கேட்டார். மேலே சொன்ன வழக்குகள் அதற்குப் பதில். காசு வாங்காதது பழியைக் குறைக்கும், பொறுப்பை நீக்காது. கசிந்த நிரலைத் தொடாமல் இருப்பதும், நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் தவிர்ப்பதும், விற்பனையில் உள்ள விளையாட்டுகளை விட்டு விலகியிருப்பதும், வரவு செலவைப் பொதுவில் வைப்பதும் ஆபத்தைக் குறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமையாளருக்கு எழுதி அனுமதி கேட்க வேண்டும். ஹோம்கமிங் குழுவினர் பொறுமையாகப் பேசித்தான் உரிமம் பெற்றார்கள். சட்ட அறிவிப்பு வந்துவிட்டால், வீராப்புப் பேசாமல் சர்வரை நிறுத்திவிட்டு வழக்கறிஞரை நாடுவதே அறிவுடைமை.

திரைப்படத்தின் தொடக்க காலப் படச்சுருள்களில் பெரும்பகுதியை உலகம் இழந்துவிட்டது. அன்று அவற்றுக்கு மதிப்பு இருப்பதாக உரிமையாளர்களே நினைக்கவில்லை. இணைய விளையாட்டுகளைப் பொறுத்தவரை, மதிப்பை உணர்ந்தவர்கள் இப்போதே இருக்கிறார்கள். தங்கள் நேரத்தையும் பணத்தையும் செலவிட்டு அவற்றைக் காத்துவருகிறார்கள். படைத்தவருக்கு ஊதியம் கிடைக்கச் செய்வதற்காக ஏற்பட்ட சட்டம், அந்தப் படைப்பு அழியாமல் காப்பவரைக் கடனாளியாக்கக் கூடாது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).